பேப்பர்வெயிட்டுக்குப் பேர் சொல்லும் புத்தகங்கள்

பேப்பர்வெயிட்டைப் பற்றி எத்தனை பக்கம் எழுதிவிட முடியும்? காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைப்பது. கண்ணாடியில் இருந்தால் பார்க்க அழகாக இருக்கும். கை தவறினால் கால் விரலில் விழும். அவ்வளவுதானே? மேலே ஃபேன் சுற்ற, மேஜையில் குமிழ் குமிழாக உள்ளே காற்று அடைபட்ட அந்தக் கண்ணாடி உருண்டையைச் சும்மா உருட்டிக்கொண்டே பேசும் நம்மூர் அதிகாரிகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தோன்றாது.

ஆனால் எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு அலமாரி நிறைய! 1940-ல் ஆரம்பித்து, 1969-ல் ஒரு கலைக்களஞ்சியமே வந்துவிட்டது. இதில் வேடிக்கை, பேப்பர்வெயிட் சேகரிப்பவர்கள் கொஞ்ச நாளில் அந்தப் புத்தகங்களையும் சேகரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் பதிப்பு, மேலட்டை கிழியாத பிரதி, இனி அச்சில் வராத ஏலப் பட்டியல் என்று தேடி அலைகிறார்கள்.

ஏன் இப்படி? காரணம் ரொம்ப எளிது. பழைய கண்ணாடி பேப்பர்வெயிட் பெரும்பாலானவற்றில் செய்தவர் பெயரும் கிடையாது, ஊர் பெயரும் கிடையாது. அது யாருடையது என்று சொல்வது புத்தகம்தான். பெயர் கிடைத்தால் விலை கிடைக்கும். பெயர் மாறினால் விலையும் மாறும். 1990-ல் நியூயார்க்கில் சோத்பி நிறுவனம் நடத்திய ஏலத்தில் பிரான்சின் கிளிஷி தொழிற்சாலையில் செய்த 'பூக்கூடை' பேப்பர்வெயிட் ஒன்று 2,58,500 டாலருக்குப் போனது. அது கிளிஷி என்று நம்பியதால்தானே அந்த விலை? அப்படியென்றால் புத்தகம் தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

சொல்லியிருக்கிறது. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு.

வெண்டைக்காயும் ஆயிரம் பூவும்

1845-ல் வியன்னாவில் ஒரு தொழிற் பொருட்காட்சி நடந்தது. வெனிஸைச் சேர்ந்த பியெத்ரோ பிகாக்லியா அங்கே கண்ணாடி உருண்டைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார். உள்ளே பல வண்ணத்தில் குட்டிக் குட்டிப் பூக்கள். பிரான்சிலிருந்து போயிருந்த பேராசிரியர் யூஜின் பெலிகோ அதைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி அறிக்கை எழுதினார். பிரெஞ்சுக் கண்ணாடித் தொழிற்சாலைகள் அந்த வேலையைச் சுறுசுறுப்பாகப் பிடித்துக்கொண்டன. முக்கியமானவை மூன்று: பக்காரா, சான் லூயி, கிளிஷி. முதல் இரண்டும் பிரான்சின் கிழக்கே லொரேன் பகுதியில் இருப்பவை. மூன்றாவது பாரிஸை ஒட்டி இருந்தது.

அந்தப் பூக்களைச் செய்வது எப்படி? வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே வடிவம் வரும் இல்லையா? அதே சூட்சுமம்தான். வண்ணக் கண்ணாடியை அச்சில் விட்டு நட்சத்திரம், பல்சக்கரம் போன்ற வடிவில் குச்சிகளாக எடுக்கிறார்கள். அந்தக் குச்சிகளைக் கட்டாகச் சேர்த்துச் சூடாக்கி இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். கண்ணாடி மெலிந்து நீளும். நடுவில் உள்ள கோலமும் கூடவே சிறுத்துக்கொண்டே போகும். ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு பூ. அவற்றை வரிசையாக அடுக்கி, மேலே சூடான தெளிந்த கண்ணாடியைக் குவிமாடமாக மூடினால் வேலை முடிந்தது. மேல் மூடியே பூதக்கண்ணாடி மாதிரி வேலை செய்து உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த வகைக்கு இத்தாலிய மொழியில் மில்லெஃபியோரி என்று பெயர். ஆயிரம் பூ என்று அர்த்தம்.

இன்னொரு வகையில் குச்சிக்குப் பதிலாக, விளக்குச் சுடரில் கண்ணாடியை உருக்கிக் கையாலேயே பூ, பழம், பட்டாம்பூச்சி, பாம்பு என்று செய்து உள்ளே வைப்பார்கள். மூன்றாவது வகையில் வெள்ளைக் களிமண் போன்ற பொருளில் செய்த ராஜா ராணி முகங்கள் உள்ளே இருக்கும்.

1845-லிருந்து 1860 வரை சுமார் பதினைந்து ஆண்டுகள்தான் இதன் பொற்காலம். அப்போது இவை ஒன்றும் அரண்மனைப் பொருட்கள் இல்லை. காகிதம், பேனா, மை விற்கும் கடைகளில் கிடைத்த சாதாரணச் சரக்கு. அப்புறம் ஃபேஷன் மாறியது. உருண்டைகள் பரணுக்குப் போயின. செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எந்தக் குச்சியை யார் இழுத்தார், எந்தப் பூ எந்த உலையில் வந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

முழுவதும் அடையாளமே இல்லை என்று சொல்ல முடியாது. பக்காராவின் சில பேப்பர்வெயிட்டுகளில் பூக்களுக்கு நடுவே ஒரு பொடிக் குச்சியில் 'பி' என்ற எழுத்தும் 1846 முதல் 1849 வரையிலான ஏதோ ஓர் ஆண்டும் இருக்கும். சான் லூயியில் 'எஸ் எல்' என்று வரும். கிளிஷியில் சில சமயம் 'சி' வரும், அதைவிட முக்கியமாக ஒரு குட்டி ரோஜா வரும். பக்காராவில் சேவல், குதிரை, குரங்கு போன்ற நிழலுருவங்களும் உண்டு. தொழிற்சாலை மேலாளரின் உறவுக்காரச் சிறுவன் எமில் கிரிடெல் காகிதத்தில் வெட்டி விளையாடிய உருவங்களைப் பார்த்துத்தான் அந்தக் குச்சிகளைச் செய்தார்கள் என்பார்கள். ஒரு பையனின் விளையாட்டுக்கு இருக்கும் பெயர், உலை முன்னால் வெந்த தொழிலாளிக்கு இல்லை பாருங்கள்!

பாட்டி வீட்டு உருண்டை

1935. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு பழம்பொருள் கண்காட்சி. எவாஞ்சலின் பெர்க்ஸ்ட்ராம் என்ற பெண்மணி அங்கே ஒரு பேப்பர்வெயிட்டைப் பார்க்கிறார். சின்ன வயதில் பாட்டி வீட்டில் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தது மாதிரியே இருக்கிறது. வாங்கிவிடுகிறார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

வாங்கியவருக்கு அடுத்து வந்த கேள்வி, இது எங்கே செய்தது? யாரைக் கேட்பது? ஆங்கிலத்தில் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் கூட அன்று இல்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார். வாங்கியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார், கடிதம் எழுதி விசாரித்தார். ஐந்தே வருடத்தில், 1940-ல், 'ஓல்ட் கிளாஸ் பேப்பர்வெயிட்ஸ்' வந்தது. சிகாகோவில் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அப்புறம் வணிகப் பதிப்பாளர்கள் வாங்கி மறுபடி மறுபடி அச்சிட்டார்கள்.

அந்தப் புத்தகம் ஒரு விஷயத்தை மாற்றியது. அதுவரை 'பழைய கண்ணாடி உருண்டை' என்று மொத்தமாக விற்றுக்கொண்டிருந்தவை, அதற்குப் பிறகு பக்காரா, கிளிஷி, சான் லூயி என்று பெயரோடு விற்பனைக்கு வந்தன. கடைக்காரர் ஒரு பிரதி வைத்துக்கொண்டார். வாங்குகிறவரும் ஒரு பிரதி வைத்துக்கொண்டார். இருவருக்கும் நடுவே பஞ்சாயத்து செய்யும் பெரிய மனுஷன் மாதிரி அந்தப் புத்தகம் உட்கார்ந்துகொண்டது. இன்று அதில் பல விவரங்கள் பழசாகிவிட்டன. ஆனாலும் 1940 தனிப் பதிப்புக்கு மவுசு குறையவில்லை.

பெர்க்ஸ்ட்ராம் 1958-ல் காலமானார். அறுநூறுக்கும் மேற்பட்ட பேப்பர்வெயிட்டுகளையும் புத்தகங்களையும் ஊருக்கே விட்டுப் போனார். விஸ்கான்சின் மாநிலத்தில் நீனா என்ற ஊரில் அவர் வாழ்ந்த ஏரிக்கரை வீடு 1959-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று பெர்க்ஸ்ட்ராம்-மாலர் அருங்காட்சியகம் என்றால் இந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அலமாரி நிறைகிறது

பெர்க்ஸ்ட்ராமுக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். 1948-ல் பிரான்சில் ரோஜர் இம்பெர்ட்டும் யோலாந்த் அமிக்கும் பிரெஞ்சு பேப்பர்வெயிட்டுகளைப் பற்றி எழுதினார்கள். 1954-ல் இங்கிலாந்தில் எல்வில் எழுதினார். 1953-ல் பால் ஜோகெல்சன் என்பவர் அமெரிக்காவில் பேப்பர்வெயிட் சேகரிப்போர் சங்கத்தை ஆரம்பித்தார். அந்தச் சங்கம் வெளியிடும் ஆண்டு மலரின் பழைய இதழ்களையும் ஒன்று விடாமல் சேர்ப்பவர்கள் உண்டு. ஜோகெல்சன் 1955-ல் பழைய பிரெஞ்சு பேப்பர்வெயிட்டுகளைப் பற்றி ஒரு புத்தகமும், 1968-ல் வெள்ளை முகங்கள் வைத்த வகைக்கென்றே தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். அது மட்டுமில்லை. எழுதுவதற்கு முன்பே தொழிற்சாலைகளிடம் போய், மறந்து போன இந்த வேலையை மறுபடி செய்யுங்கள் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பக்காராவும் சான் லூயியும் ராணியின் முகம் வைத்த பேப்பர்வெயிட்டுகளைச் செய்தன.

1969-ல் வந்தது பால் ஹாலிஸ்டரின் 'தி என்சைக்ளோபீடியா ஆஃப் கிளாஸ் பேப்பர்வெயிட்ஸ்'. ஒரே ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் பலரும் சொல்வார்கள். வெனிஸ், பொஹீமியா, பிரான்ஸ், இங்கிலாந்து, அமெரிக்கா என்று நாடு நாடாகப் போகிறார். ஆதாரம் இருக்கும் இடத்தையும் வெறும் வாய்வழிச் செய்தியையும் பிரித்துக் காட்டுகிறார். 1978-ல் அவரும் டுவைட் லன்மனும் சேர்ந்து கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகக் கண்காட்சிக்குத் தயாரித்த பட்டியல் இன்னொரு பொக்கிஷம்.

அப்புறம் குறுகலான, ஆழமான புத்தகங்கள் வர ஆரம்பித்தன. ஜார்ஜ் குல்லெஸ் 1985-ல் பூக்குச்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்தத் தொழிற்சாலை என்று அடையாளம் காண ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அடுத்து விளக்குச் சுடர் வேலைக்கு இன்னொன்று. ஜான் ஹாலி 1995-ல் நிழலுருவக் குச்சிகளுக்கு மட்டும் ஒரு புத்தகம் எழுதினார். சேவலின் வாலையும் நாயின் காதையும் பார்த்துத் தொழிற்சாலையைச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டார்கள்! புதிதாக வருபவர்களுக்கு லாரன்ஸ் செல்மன் 1992-ல் எழுதிய 'ஆல் அபௌட் பேப்பர்வெயிட்ஸ்' போதும். செல்மன் ஒரு வியாபாரி. அவர் வெளியிட்ட ஏலப் பட்டியல்களையும் பலர் புத்தகமாகவே பாதுகாக்கிறார்கள். படம், அளவு, விலை மதிப்பு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறதே.

1848 என்று எழுதியிருந்தால் 1848-தானா?

இப்போது அந்தத் தப்பான கதை.

வட்ட வட்டமாகப் பூக்கள் அடுக்கி, நடுவே 1848 என்று ஆண்டு போட்ட ஒரு வகை பேப்பர்வெயிட்டும் மைக்கூடும் இங்கிலாந்தில் நிறையக் கிடைத்தன. யார் செய்தது? லண்டனில் வைட்ஃபிரையர்ஸ் என்ற புகழ்பெற்ற பழைய கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. சரி, அவர்களாகத்தான் இருக்கும் என்று எழுதினார்கள். ஒரு புத்தகத்தில் வந்தது அடுத்த புத்தகத்திலும் வந்தது. அதைப் பார்த்து அதற்கு அடுத்ததிலும் வந்தது. கடைக்காரர் புத்தகத்தைக் காட்டினார், வாங்கியவர் புத்தகத்தை நம்பினார். 'வைட்ஃபிரையர்ஸ் 1848' என்பது ஓர் இனமாகவே ஆகிவிட்டது.

பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குச்சிகளைப் பார்த்தார்கள். அந்தக் குச்சிகள் பர்மிங்ஹாமில் இருந்த ஆர்குலஸ், வால்ஷ் வால்ஷ் தொழிற்சாலைகளின் சரக்கோடு பொருந்தின. காலம் 1848 இல்லை, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி! ஊரும் லண்டன் இல்லை. ஆக, கண்ணாடிக்குள் இருந்த ஆண்டும் ஏமாற்றியது, அலமாரியில் இருந்த புத்தகமும் ஏமாந்தது.

இதில் நஷ்டம் யாருக்கு? நூறு வருஷப் பழசு என்று நம்பிப் பணம் கொடுத்தவருக்கு நஷ்டம், அது தெரிகிறது. தெரியாத நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. பர்மிங்ஹாமில் உலை முன் நின்று அந்தப் பூக்களை அடுக்கியவர்களின் வேலைக்குப் பல பத்தாண்டுகள் வேறு ஊரின் பெயர் இருந்தது. பெயரில்லாமல் இருப்பது ஒரு கஷ்டம். தன் வேலைக்கு அடுத்தவன் பெயர் இருப்பது அதைவிடப் பெரிய கஷ்டம்.

1930-களில் சீனாவிலிருந்து வந்தவையும் இப்படித்தான். பழைய மேற்கத்திய மாதிரிகளைப் பார்த்து அங்கே செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். புதுச் சரக்காகத்தான் வந்தன. கை மாறிக் கை மாறிச் சில பிரெஞ்சுப் பழம்பொருளாகிவிட்டன. இன்று கொஞ்சம் பழகியவர்கள் கையில் எடுத்ததுமே எடையிலும் கண்ணாடியின் மழமழப்பிலும் வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள். அது படத்தில் தெரியாது.

எதிர்த் திசையிலும் ஒரு சம்பவம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பக்காரா ஊர் தேவாலயம் குண்டுவீச்சில் சேதமானது. 1951-ல் இடிபாட்டை அகற்றும்போது அடிக்கல்லுக்குள் ஒரு பேப்பர்வெயிட் கிடைத்தது. உள்ளே 1853 என்ற ஆண்டு. பக்காராவின் ஆண்டு போட்ட பேப்பர்வெயிட் 1849-ஓடு முடிகிறது என்ற கணக்கு அன்றே பிசகியது. அதைச் செய்த தொழிலாளி மார்ட்டின் கைசர் என்பதும் தெரியவந்தது. ஆயிரக்கணக்கான உருண்டைகளில் இப்படி ஒரு தொழிலாளியின் பெயர் கிடைப்பது அபூர்வம். அதற்கு ஒரு கோயிலே இடிய வேண்டியிருந்தது.

படத்தைப் பார்த்துப் பிறந்த தொழிற்சாலை

அச்சில் வந்த படம் தப்பு மட்டும்தான் செய்யுமா? இல்லை.

ஸ்காட்லாந்தில் கிரீஃப் என்ற சின்ன ஊர். அங்கே ஸ்ட்ராத்தர்ன் கண்ணாடித் தொழிற்சாலையை நிர்வகித்து வந்தவர் ஸ்டுவர்ட் டிரைஸ்டேல். தொழிலால் வக்கீல். அவர்கள் செய்த பேப்பர்வெயிட்டுகள் பரவாயில்லை ரகம். ஒரு நாள் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை ஒன்றில் 1965-ல் வந்த கட்டுரை அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு பேப்பர்வெயிட்டுகளின் வண்ணப் படங்கள். இவ்வளவு நுணுக்கமாகச் செய்ய முடியுமா என்று மனுஷன் அசந்து போனார். தன் தொழிலாளிகளிடம் காட்டினார். 1968-ல் சில கைவினைஞர்களோடு தனியாகப் பிரிந்து, ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெர்த்ஷயர் பேப்பர்வெயிட்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். சொல்லித்தர ஆசான் இல்லை. படத்தைப் பார்த்து, செய்து, உடைத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டார்கள். சில வருடங்களிலேயே நவீன பேப்பர்வெயிட் என்றால் பெர்த்ஷயர் என்று ஆகிவிட்டது.

பழையவர்கள் விட்ட தவறை இவர்கள் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் எந்த வகையில் எத்தனை செய்தோம் என்று கணக்கு வைத்தார்கள். பலவற்றில் 'பி' என்ற எழுத்துக் குச்சி இருக்கும். 1997-ல் அந்த நிறுவனத்தின் பேப்பர்வெயிட்டுகளுக்கு ஒரு முழு வழிகாட்டியே வந்தது. நல்ல வேளை! ஏனென்றால் 2002-ல் பெர்த்ஷயர் மூடப்பட்டது. இப்போது ஒரு பெர்த்ஷயர் உருண்டை கையில் கிடைத்தால், அது எந்த வருடம், எந்த வரிசை என்று தெரிந்துகொள்ள அந்தப் புத்தகம் இருக்கிறது. கிளிஷி தொழிலாளிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

எந்தப் புத்தகத்தை நம்புவது?

யாருக்காவது இந்த ஆசை வந்தால் (வராது என்று சொல்ல முடியாது, பெர்க்ஸ்ட்ராமுக்கு ஒரே ஒரு உருண்டையில்தான் வந்தது) அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் பாடம், உருண்டை வாங்குவதற்கு முன்னால் புத்தகம் வாங்கு என்பது. புத்தகம் விலை குறைவு, உடையாது, தப்பாக வாங்கினாலும் படித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பாடம், ஒரே புத்தகத்தோடு நிறுத்தாதே. ஒரே பேப்பர்வெயிட்டை 1940, 1969, 1998 என்று மூன்று காலத்துப் புத்தகங்களில் பார்த்தால் மூன்று ஊர் பெயர் இருக்கலாம். புதுசுதான் சரி, பழசைத் தூக்கிப் போடு என்றும் சொல்ல முடியாது. ஒரு தப்பு எங்கே ஆரம்பித்து எப்படிப் பரவியது என்று தெரிந்துகொள்ள அந்தப் பழைய புத்தகம்தான் சாட்சி. 'வைட்ஃபிரையர்ஸ் 1848' என்று சீட்டு ஒட்டிய உருண்டை இன்றும் சந்தைக்கு வருகிறது. அந்தச் சீட்டு எந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்தவர் ஏமாற மாட்டார்.

மூன்றாவது, புத்தகத்தைப் படித்துவிட்டு உருண்டையைத் திருப்பிப் பார். அடியில் கம்பியை உடைத்தெடுத்த தழும்பு இருக்கிறதா, அல்லது மழுக்கித் தேய்த்திருக்கிறார்களா? எடை எப்படி? புற ஊதா ஒளி விளக்கில் என்ன நிறத்தில் மின்னுகிறது? ஒரு பூவை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் இதழ்களை எண்ணிப் பார். அதற்குப் பிறகு மறுபடி புத்தகத்துக்குப் போ.

பாட்டி வீட்டு உருண்டை எங்கே செய்தது என்று கேட்ட ஒரு பெண்மணிக்குப் பதில் சொல்ல ஆளில்லாததால் ஆரம்பித்த வேலை இது. அவருக்குப் பிறகு எழுதியவர்கள் அவர் தவறவிட்ட இடங்களைத் திருத்தினார்கள், கூடவே தாங்களும் சில தவறுகளைச் செய்தார்கள். அவற்றைத் திருத்த இன்னும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெயர் தெரியாத உருண்டைகள் இன்னும் நிறைய மிச்சம் இருக்கின்றன.